இருநூற்று நாற்பது மாமியார் வீடுகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு என் மாமியார் வீடு நாட்டில் இருநூற்று நாற்பது இடங்களில் முளைத்தது. காட்டுக்குள் ஒன்று, மலையுச்சியில் ஒன்று, விமான நிலையத்து ஓடுபாதையின் மேல் ஒன்று. திரையில் அவை நீலப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. அறையில் இருந்த மூன்று பேரில் அந்தப் புள்ளிகள் என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் வானிலை அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவள். மழை வருமா வராதா என்று சொல்வது என் வேலையில்லை. அதைச் சொல்லும் கணக்கை நூற்றுக்கணக்கான பிராசசர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, எதுவும் சும்மா உட்காராமல் வேலை வாங்குவதுதான் என் வேலை. வீட்டு வேலையை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தலைவலி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பழைய இயந்திரத்தில் நாட்டின் வரைபடம் ஒரே மேசைமேல் விரித்து வைத்த மாதிரி இருக்கும். எல்லாப் பிராசசர்களும் சுற்றி உட்கார்ந்து, கையை நீட்டி, வேண்டிய கட்டத்தைத் தொட்டுக்கொள்ளும். புதிய இயந்திரத்தில் அந்த மேசை கிடையாது. வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு பிராசசர் என்று தனித்தனி அறையில் பூட்டிவிடுவோம். பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று எதற்கும் தெரியாது. மேகம் எல்லையைத் தாண்டும்போது மட்டும் கதவிடுக்கு வழியாகச் சீட்டு அனுப்பிக்கொள்ளும்: காற்று உன் பக்கம் வருகிறது, பார்த்துக்கொள். பழைய புரோகிராமை இப்படித் துண்டுகளில் ஓடும்படி மாற்ற எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வெளியிலிருந்து ஒரு சோதனை அதிகாரி வந்திருந்தார். விடை பதினைந்தாவது தசம இடம்வரை ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் அவருக்கு ‘தசமம்’ என்று பெயர் வைத்திருந்தோம். அவருடைய சோதனை எளிமையானது. வரைபடத்தை அறுபது துண்டாக வெட்டினாலும் சரி, இருநூற்று நாற்பதாக வெட்டினாலும் சரி, பழைய இயந்திரம் சொன்ன அதே மழையைப் புதியதும் சொல்ல வேண்டும். பழைய தேதிகளில் மூன்றை அவரே பொறுக்கி எடுத்தார். முதல் இரண்டும் கடைசி இலக்கம்வரை கச்சிதமாகப் பொருந்தின. மூன்றாவது, போன மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அவர் அந்தத் தேதியைச் சொன்னதுமே எனக்கு மூக்கின்மேல் வியர்த்தது.

புள்ளிகள் வரிசை வரிசையாக, சட்டையில் பித்தான் தைத்த மாதிரி நின்றன. எங்கள் இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். புரோகிராமைத் திறந்து பார்த்துப் பத்து வருடமானவர் அவர். வாய் மட்டும் ஓய்ந்ததே கிடையாது.

“இது ஏதாவது புது வகை மேகமா? நாமதான் முதல்ல கண்டுபிடிச்சிருக்கோமோ?”

“மேகம் வரிசையில நிக்காது சார்,” என்றார் தசமம்.

அவர் புள்ளிகளை எண்ணினார். இருநூற்று நாற்பது. அறுபது துண்டாக வெட்டி மறுபடி ஓட்டச் சொன்னார். அறுபது புள்ளிகள் வந்தன. “துண்டுக்கு ஒண்ணு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “துண்டுக்கும் துண்டுக்கும் சீட்டு போகுதே, அதுல ஏதாவது குளறுபடியா மேடம்?”

“இருக்கலாம் சார்,” என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சோம்பேறித்தனமான பொய்யைச் சொன்னதில்லை.

“நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள காரணம் வேணும். இல்லன்னா இதை நான் ஏத்துக்க முடியாது,” என்றார்.

காரணம் அப்போதே என் மடியில்தான் இருந்தது. அது வெளியே வந்தால் என் வேலை போகலாம். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு ஒன்று. அந்தக் காரணம் போனால் அத்தை இனி எங்கள் வீட்டுக்கு வரமாட்டார்.

அத்தை என்றால் என் மாமியார். எடை, அளவுத் துறையில் முப்பது வருடம் சோதனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர் தராசைத் தொடும் விதத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கைப்பையை இறக்கி வைத்ததும் முதல் வேலை சமையலறைத் தராசைச் சரிபார்ப்பது. இரண்டாவது வேலை என்னைச் சீட்டாட்டத்தில் தோற்கடிப்பது. மூன்றாவது, நான் இயக்குநரைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டுவிட்டு, அவரை என்னைவிட நன்றாகத் திட்டுவது. எனக்கு அத்தையை அவ்வளவு பிடிக்கும். சொந்த அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாலரை வருடத்துக்கு முன்னால், ஒரே மாதத்தில் இரண்டாவது முறையாக அத்தை வந்து நின்றபோது, என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, “என்னம்மா, இப்பதானே போன?” என்று கேட்டுத் தொலைத்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. அவர் வாய்க்கும் மூளைக்கும் நடுவே தூரம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அத்தை ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். “காரணம் இல்லாம நான் யார் வீட்டுக்கும் போறதில்லம்மா.” மகன் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார். அதே பதில்தான் வந்தது.

ஆறு மாதம் கழித்து அவர் ஊரில் நல்ல மழை. ஓடு ஒழுகியது. அத்தை குடையோடு வந்து வாசலில் நின்று, யாரும் கேட்காமலே, “மழைனால வந்தேன்,” என்றார். மூன்று நாள் இருந்தார். நான் எட்டு ஆட்டம் தோற்றேன். அன்றைக்குத்தான் எனக்கு ஞானோதயம் வந்தது. அத்தைக்கு வேண்டியது அழைப்பு இல்லை, ஒரு காரணம். காரணம் தயாரிக்கும் இயந்திரமோ என் கைக்குள் இருந்தது.

வரைபடத்தின் ஒரு மூலையில், இடமிருந்து பதினேழாவது, கீழிருந்து ஒன்பதாவது கட்டத்தில் அத்தை வீடு இருக்கிறது. அந்தக் கட்டத்தில் வேறு இருப்பது ஒரு கலங்கரை விளக்கமும், மூடிப்போன ஐஸ் ஃபாக்டரி ஒன்றும். மீதியெல்லாம் கடல். பொய் மழையால் நஷ்டப்படுவதற்கு மீன்களைத் தவிர ஆளில்லை. பழைய புரோகிராமில், எல்லாக் கணக்கும் முடிந்து மழையை எழுதி வைக்கும் இடத்தில், ஒரே ஒரு வரி சேர்த்தேன். மாதத்தின் கடைசி வெள்ளியாக இருந்தால், பதினேழுக்கு ஒன்பது கட்டத்தில் ஐந்து மில்லிமீட்டர் கூட்டு. அதற்கு மேலே ‘கடலோர ஈரத் திருத்தம். தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்தேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பூட்டு கிடையாது. தொடாதீர்கள் என்று எழுதிய வரியை யாரும் தொடமாட்டார்கள். ஏன் இருக்கிறது என்றும் கேட்கமாட்டார்கள்.

மாதாமாதம் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அத்தையே போன் செய்வார். “உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?” நான் அச்சடித்த வரைபடத்தைப் பார்த்து, “உங்க பக்கம் அஞ்சு மில்லிமீட்டர் அத்தை,” என்பேன். “அப்ப ஓடு ஒழுகும். வரேன்,” என்பார். நாலு வருடமாக இப்படித்தான் வண்டி ஓடியது.

நான் செய்த தப்பு எங்களை மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. துண்டு போட்டதும், ஒவ்வொரு பிராசசரும் தன் துண்டின் கட்டங்களை ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். நாடு முழுக்க ஒரே எண்ணிக்கை இருந்தபோது பதினேழுக்கு ஒன்பது என்றால் அத்தை வீடு மட்டும். இப்போது இருநூற்று நாற்பது துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பதினேழுக்கு ஒன்பது. இரண்டு லட்சம் வரிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாற்றியவள், என் சொந்த வரியை மட்டும், ஒரு வரிதானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சத்தமில்லாமல் அழித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. சோதனை தொடங்கும்போதே புரோகிராமுக்கு சீல் வைத்தாயிற்று. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் திருத்தப் படிவத்தில் எந்த வரி, யார் எழுதியது, ஏன் எழுதியது, ஏன் எடுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘ஏன் எழுதியது’ என்ற இடத்தில் ‘சீட்டாட ஆள் வேண்டும்’ என்று எப்படி எழுதுவது?

புதன்கிழமை காலை முழுவதும் அந்தப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். படிவமும் சளைக்காமல் என்னை முறைத்தது. மூன்று மணிக்கு இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே தசமம் ஒரு அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“சீட்டுல தப்பு இல்ல மேடம்,” என்றார். “தப்பு சீட்டுல இருந்தா புள்ளி ஓரத்துல வரணும். இது எல்லாத் துண்டுலயும் ஒரே இடம், பதினேழு, ஒன்பது. பழைய புரோகிராமைப் பார்த்தா அதுலயும் ஒரு புள்ளி இருக்கு. ஒண்ணே ஒண்ணு. முதல் துண்டு மூலையில, கடலோரமா.”

“அப்ப அது நிஜ மழையா இருக்கும்,” என்றார் இயக்குநர். “புதுசு அதையே காப்பி அடிக்குது.”

“அதைத்தான் பார்க்கலாம்னு அந்த இடத்து மழை அட்டைகளை எடுத்துட்டு வரச் சொன்னேன்.”

நாடு முழுவதும் வீட்டு மாடியில் மழைமானி வைத்து அளந்து, மாதம் ஒரு அட்டை அனுப்பும் தன்னார்வலர்கள் எங்களுக்கு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கணினியில் ஏற்ற ஆள் இல்லாமல் அட்டைகள் அலமாரியில் தூங்கும். அந்த மூலையில் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. தசமம் பெட்டியிலிருந்த அட்டைக் கட்டை அவிழ்த்து மேசைமேல் பரப்பினார். அளவையாளர் எண் எண்பத்து மூன்று.

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத்து ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றது. ஏழு என்ற எண்ணுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு. எங்கள் வீட்டில் சீட்டாட்டப் புள்ளிகள் எழுதும் நோட்டு முழுக்க அதே ஏழுதான்.

“நாலு வருஷமா ஒரு மாசம் விடாம அனுப்பியிருக்காங்க,” என்றார் தசமம். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். முதல் அட்டை, நான் அந்த வரியை எழுதியதற்கு அடுத்த மாதம். முதல் பொய் மழை முடிந்து ஊர் திரும்பி, காய்ந்த முற்றத்தைப் பார்த்த கையோடு அத்தை மழைமானி வாங்கியிருக்கிறார். தராசைக் கண்ட இடத்தில் சோதித்தவர் வேறென்ன செய்வார்? என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“கடைசி வெள்ளி மட்டும் படிக்கிறேன், கேளுங்க. மழை பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். நாற்பத்தேழு மாசத்துல ஆறு தடவைதான் மழை. மத்ததெல்லாம் பூஜ்யம்.” தசமம் ஒரு அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் நெற்றி சுருங்கியது. “ஆனா குறிப்புக் கட்டத்துல என்னமோ எழுதியிருக்காங்க. மழை அளவு, பூஜ்யம். குறிப்பு, மழை காரணமாக வெளியூர்.” அடுத்ததை எடுத்தார். “மழை அளவு, பூஜ்யம். குறிப்பு, மழை காரணமாக வெளியூர்.” அதற்கடுத்ததும் அதேதான்.

நாலு வருடமாக நான் அத்தை காதில் பூச்சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவரோ அந்தப் பூவைக் காதில் வைத்துக்கொண்டே, மாதாமாதம் அரசாங்க அட்டையில் எழுதி, எங்கள் அலுவலகத்துக்கே தபாலில் அனுப்பியிருக்கிறார்.

“சரியான கிறுக்கா இருக்கும் போலயே!” என்று இயக்குநர் சிரித்தார். “மழையே இல்லாம மழைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுதாம்!”

“இவங்க அளவை நம்ப முடியாது,” என்று தசமம் பேனாவைத் திறந்தார். “எண்பத்து மூணாம் அட்டைகளை மொத்தமா தள்ளுபடி பண்ணிடலாம்.”

அவர் அத்தோடு விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். அட்டை பொய், மழை நிஜம், புதிய புரோகிராம் அதைக் காப்பி அடித்த சின்னக் குளறுபடி என்று ஏதாவது மழுப்பியிருக்கலாம். ஆனால் என் வாய்க்கு அந்தப் பொறுமை எப்போது இருந்தது?

“பேனாவை மூடுங்க சார்!” என்று எழுந்துவிட்டேன். “அந்த அம்மா அளந்தா அளந்ததுதான். முப்பது வருஷம் தராசு சோதிச்சவங்க. ஒரு கிராம் குறைச்ச கடைக்காரனை நாலு தெரு துரத்திப் பிடிச்சவங்க. அவங்க பூஜ்யம்னு எழுதினா அங்க ஒரு துளி விழுந்திருக்காது. தப்பு நம்ம புரோகிராம்லதான்.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் இயக்குநர்.

“அவங்க என் மாமியார். அந்த மழை நான் பெய்ய வச்சது.”

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். கதவைத் திறந்து கேட்ட கேள்வி, தம்ளர் தண்ணீர், ஓடு, சீட்டாட்டம், தொடாதீர்கள். இயக்குநரின் முகம் சிவந்தது. நாட்டின் வானிலையை வீட்டு விஷயத்துக்கு வளைத்த ஒரே ஊழியர் நான்தான் என்று கத்தினார். எட்டு வருடத்துக்கு முன்னால் தன் மகளின் கல்யாண நாளுக்கு மழையில்லை என்று தொலைக்காட்சியில் சொல்லச் சொன்னவர் இவர்தான். அதை நான் அப்போது நினைவுபடுத்தவில்லை. எனக்கும் எப்போதாவது புத்தி வேலை செய்யும்.

தசமம் மட்டும் கத்தவில்லை. “ஏன் அஞ்சு மில்லிமீட்டர்?” என்று கேட்டார்.

“மூணுன்னா பாத்திரம் வச்சுச் சமாளிச்சுடுவாங்க சார். பத்துன்னா ரோட்ல தண்ணி நிக்கும், பஸ் வராதுன்னு பயப்படுவாங்க.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். படிவத்தை என் பக்கம் தள்ளினார். ‘ஏன் எழுதியது’ என்ற கட்டத்தில், ‘மாமியார் வருவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரியைப் பழையதிலிருந்தும் புதியதிலிருந்தும் எடுத்தோம். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விடை வந்தது. அறுபது துண்டானாலும் இருநூற்று நாற்பதானாலும், பதினைந்தாவது தசம இடம்வரை ஒன்றே. அத்தையின் கட்டத்தில் பூஜ்யம். அட்டையிலும் பூஜ்யம்.

என் வேலை போகவில்லை. புதிய இயந்திரத்தின் பொறுப்பு மட்டும் வேறொருவருக்குப் போனது. எனக்கு மூன்று மாதத் தண்டனை, அலமாரியில் தூங்கும் மழை அட்டைகளை எல்லாம் கணினியில் ஏற்றுவது. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். “நான் ஒரு வார்த்தை கேட்டதுக்கா இவ்வளவும்?” என்றார்.

“ஆமா,” என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை அந்த மாதத்தின் கடைசி வியாழன். போன் அடித்தது. வரைபடம் என் முன்னால் இருந்தது. மூலைக் கட்டம் வெள்ளைவெளேரென்று கிடந்தது.

“உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?”

அட்டைகளைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லலாம். தெரிந்தேதான் வந்தீர்களா என்று கேட்கலாம். கேட்டால் அது சோதனையாளரைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஆகிவிடும். அவருடைய ரோஷம் எனக்குத் தெரியும். இன்னொரு பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

“மழை இல்ல அத்தை,” என்றேன். “ஒரு துளிகூட இல்ல.”

மறுமுனையில் அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“இல்லன்னா சொல்லுது?” என்றார் அத்தை. “நாலு வருஷமா பார்க்கிறேன், உங்க கம்ப்யூட்டர் எங்க ஊருக்கு ஒரு தடவையாவது சரியா சொல்லியிருக்கா? மழைன்னா வெயில் அடிக்குது. இப்ப இல்லன்னு சொல்லுதுன்னா நாளைக்குக் கொட்டப் போவுது. ஓடு தாங்காது. மத்தியான பஸ்ல வரேன்.”

வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டரை மணிக்கு அழைப்பு மணி அடித்ததும் என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அத்தை ஒரு கையில் பையும் மறு கையில் மடக்கிய குடையுமாக நின்றிருந்தார். குடையில் தூசி படிந்திருந்தது. இந்த ஆள் என்ன உளறப் போகிறாரோ என்று நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“நல்லா நனைஞ்சுட்டியாம்மா?” என்றார் அவர்.

அத்தை மகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம்,” என்றார்.

என் வீட்டுக்காரர் குடையை வாங்கி, குளியலறைக்குக் கொண்டுபோய், விரித்துக் காய வைத்தார்.